ஆயில் மேலே ஏறுதா? இன்ஜினுக்குள் எண்ணெய் போய்வரும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு பட்டறைக்கு பைக்கைத் தள்ளிக்கொண்டு போய், “அண்ணே, ஹெட்டுல டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது” என்று சொல்லிப் பாருங்கள். பழகிய கை முதலில் போவது டேப்பெட் மூடிக்குத்தான். அதைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நிற்கும் பையனிடம், “மக்கா, ஸ்டார்ட் பண்ணு. ஆயிலு ஏறுதான்னு பாப்போம்” என்பார். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் மீது எண்ணெய் நனைந்து தெறித்தால், சத்தத்துக்குக் காரணம் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளியாகவோ இன்ஜினுக்குள் ஓடும் செயினாகவோ இருக்கலாம். அங்கே காய்ந்து கிடந்தால் இன்ஜினை உடனே நிறுத்தச் சொல்லிவிடுவார்.

எண்ணெய் கிடப்பது இன்ஜினின் அடியில். அது வேண்டியிருப்பதோ உள்ளே அசைகிற எல்லா இடத்திலும். உச்சியில் இருக்கும் ஹெட் அந்தப் பாதையின் கடைக்கோடி. கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் வாய்க்கால் முழுக்க வந்திருக்கிறது என்று நாஞ்சில்நாட்டு விவசாயிக்குத் தெரியும். மெக்கானிக் பார்ப்பதும் அதைத்தான்.

“எண்ணெய் வழவழப்பா இருக்கும், அதனால உரசாது” என்பதோடு பலரும் இந்த விஷயத்தை முடித்துக்கொள்வார்கள். இரும்புக் கதவின் கீலுக்கு அது போதும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்பிலும் டன் கணக்கில் அடி வாங்கும் ஒரு தண்டுக்குப் போதாது. அங்கே நடப்பது வேறு.

அடியில் கிடக்கும் எண்ணெய்

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்பகுதியே எண்ணெய்த் தொட்டி. புத்தகங்கள் இதை சம்ப் என்கின்றன. பட்டறையில் ஆயில் சேம்பர் என்றால்தான் புரியும். 100 சிசி பைக்கில் சுமார் ஒரு லிட்டர் எண்ணெய் பிடிக்கும். சிறிய காரில் மூன்று முதல் நான்கு லிட்டர். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகின் டீசல் இன்ஜினுக்கு இன்னும் பல மடங்கு வேண்டும்.

சேம்பருக்குள் ஒரு உறிஞ்சு குழாய் இறங்கியிருக்கும். அதன் வாயில் கம்பிவலை. பெரிய அழுக்கும் கேஸ்கெட் துண்டும் பம்புக்குள் போய்விடாமல் தடுப்பது இந்த வலைதான். குழாயின் வாய் எப்போதும் எண்ணெய்க்குள் முங்கியே இருக்க வேண்டும். சமதளத்தில் இதில் சிக்கல் இல்லை. பாலமோர், கீரிப்பாறை பக்கத்து எஸ்டேட் சாலைகளில் ஜீப் செங்குத்தாக ஏறும்போது எண்ணெய் மொத்தமும் சேம்பரின் பின்பக்கம் போய்ச் சேரும். தூத்தூர், கொல்லங்கோடு பக்கத்துப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கின்றன. அங்கே படகு ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எண்ணெயும் பக்கவாட்டில் அலையடிக்கும். இதற்காகத்தான் சேம்பருக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். படகு இன்ஜின்களுக்கு எத்தனை டிகிரி சாய்வு வரை தாங்கும் என்ற கணக்கும் உண்டு. கரையில் நிறுத்தி அளக்கும்போது “கொஞ்சம்தானே குறைவு” என்று தோன்றுகிற எண்ணெய், சாய்ந்த நிலையில் குழாயின் வாயைக் காற்றில் விட்டுவிடும். அந்த நொடியில் பம்ப் உறிஞ்சுவது காற்றை.

குறைந்தால் ஆபத்து என்பதால் கூடுதலாக ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. மட்டம் மிக உயர்ந்தால், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் பாதி காற்று. பம்ப் அதைத்தான் மேலே அனுப்பும். டிப்ஸ்டிக்கில் மேல்கோடு ஒன்று, கீழ்கோடு ஒன்று என இரண்டு கோடு போட்டிருப்பது சும்மா இல்லை.

பம்ப் என்ன செய்கிறது

இன்றைய பைக், கார் பலவற்றிலும் இருப்பது இரண்டு ரோட்டர் கொண்ட பம்ப். உள்ளே நான்கு முனை கொண்ட ரோட்டர், அதைச் சுற்றி ஐந்து பள்ளம் கொண்ட வளைய ரோட்டர். உள் ரோட்டர் மையத்திலிருந்து சற்று விலகி நிற்கும். இரண்டும் சேர்ந்து சுற்றும்போது அவற்றுக்கு நடுவே ஒருபக்கம் இடைவெளி விரியும், மறுபக்கம் சுருங்கும். விரியும் பக்கம் எண்ணெயை இழுக்கும், சுருங்கும் பக்கம் தள்ளும். லாரி, படகு இன்ஜின்களில் இரண்டு பல்சக்கரங்கள் கடித்துச் சுற்றும் பம்ப் அதிகம். எந்த வகையானாலும் இதை ஓட்டுவது இன்ஜின்தான்; கிராங்க் சுற்றினால் பம்பும் சுற்றும்.

ஒரு சுற்றுக்கு இவ்வளவு எண்ணெய் என்று இந்த பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்தத்தை அது தானாக உண்டாக்குவதில்லை. தள்ளிய எண்ணெய் போகிற வழி குறுகலாக இருப்பதால்தான் அழுத்தம் எழுகிறது. வழி அகலமானால், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால், பம்ப் புதிதாக இருந்தாலும் அழுத்தம் விழும். “ஆயில் பிரஷர் இல்ல” என்றதும் பம்பை மாற்றிவிட்டு, அப்புறமும் சரியாகாமல் தலையைச் சொறிவது இதனால்தான்.

இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதும், எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதும் அழுத்தம் எகிறும். அதற்காக ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். கார்களில் எண்ணெய் அழுத்தம் நான்கைந்து பார் அளவைத் தாண்டினால் அது திறந்து, மிகுந்த எண்ணெயைச் சேம்பருக்கோ பம்பின் வாய்க்கோ திருப்பிவிடும். சூடான இன்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஒரு பார் இருந்தாலே பல கார்களுக்குப் போதும்.

ஃபில்டரும் கிராங்கும்

பம்பை விட்டு வெளியேறியதும் எண்ணெய் ஃபில்டருக்குள் போகிறது. காரில் திருகி மாட்டும் டப்பாவுக்குள் மடித்த காகிதம். சுமார் 20, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை அது பிடித்துவிடும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஃபில்டர் முழுக்க அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? எண்ணெய் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயை அப்படியே உள்ளே விடும். எண்ணெயே வராமல் இருப்பதற்கு அழுக்கு எண்ணெய் மேல் என்ற கணக்கு அது. ஃபில்டரை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால், இந்தப் பைபாஸ் வழியாக அழுக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

நம்மூர் சாலையெங்கும் ஓடும் ஸ்பிளெண்டரில் காகித ஃபில்டரே கிடையாது. கிராங்கின் முனையில் சுற்றும் ஒரு கிண்ணத்துக்குள் எண்ணெய் பாய்கிறது. சுழற்சி வேகத்தில் கனமான துகள்கள் கிண்ணத்தின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினைப் பிரிக்கும்போது அந்தக் கிண்ணத்தில் கறுப்பாகக் களிமண் போல் அப்பியிருப்பதைப் பார்க்கலாம். மலிவாகவும் நேர்த்தியாகவும் ஒரு காரியத்தை முடித்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஃபில்டரைக் கடந்த எண்ணெய் சிலிண்டர் பிளாக்குக்குள் துளைத்த நீண்ட பாதையில் ஓடும். கேலரி என்பது அதன் பெயர். அதிலிருந்து கிளைகள் பிரிந்து, கிராங்க் ஷாஃப்ட் உட்கார்ந்திருக்கும் மெயின் பேரிங் ஒவ்வொன்றுக்கும் போகும். அடுத்து, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் (பிக் எண்ட்) இருக்கும் பேரிங்குக்குப் போக வேண்டும். அந்த முனை கிராங்கோடு சேர்ந்து வட்டமடித்துக்கொண்டே இருப்பதால், வெளியிலிருந்து அதற்குக் குழாய் போட முடியாது. அதனால் கிராங்குக்குள்ளேயே சாய்வாகத் துளை போட்டுவிட்டார்கள். மெயின் பேரிங்கின் பள்ளத்தில் இருக்கும் எண்ணெய் அந்தத் துளைக்குள் புகுந்து, உலோகத்தின் உள்ளாகவே பயணம் செய்து, பிக் எண்ட் பேரிங்கில் வெளியே வரும். இன்னொரு கிளை மேலே ஹெட்டுக்கு ஏறி, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் ராக்கரையும் நனைத்துவிட்டு, செயின் ஓடும் அறை வழியாகவும் வடிகால் துளைகள் வழியாகவும் கீழே இறங்கும். இறங்குவதற்கு பம்ப் ஏதும் இல்லை. தானாக வழிந்து வருகிறது, அவ்வளவுதான்.

தாங்குவது யார்?

எண்ணெய் போய்ச் சேர்ந்த இடத்தில் நடப்பதைப் பார்ப்போம். கார், லாரி, படகு இன்ஜின்களின் கிராங்கில் பொதுவாக உருளையோ குண்டோ கிடையாது. பளபளவென்று தேய்த்த தண்டு. அதைச் சுற்றி வழவழப்பான இரண்டு அரைவட்டத் தகடுகள். 50 மி.மீ. விட்டமுள்ள தண்டு என்றால், தகட்டுக்கும் தண்டுக்கும் இடையே மொத்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கு நாலைந்து பங்கு.

அதன்மேல் விழும் சுமை எவ்வளவு? 80 மி.மீ. விட்டமுள்ள ஒரு டீசல் பிஸ்டனை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பின் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் டர்போ பொருத்திய டீசலில் எரியும்போது உச்ச அழுத்தம் 150 பார் அளவுக்குப் போகும். பெருக்கிப் பார்த்தால் ஏழு டன்னுக்கு மேல். 2000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு ஆயிரம் முறை இப்படி அடிக்கிறது.

பம்ப் தருவது மூன்று, நான்கு பார். அந்த அழுத்தத்தால் ஏழு டன்னைத் தாங்க முடியாது என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல இன்ஜினில் தண்டும் தகடும் தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவில் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனுக்கு எண்ணெய்ப் படலம் நிற்கிறது. அதைத் தாங்கவைப்பது தண்டின் சுழற்சி.

எப்படி? சுமை அழுத்துவதால் தண்டு சரியான மையத்தில் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். அதனால் இடைவெளி ஒருபக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். எண்ணெய் தண்டின்மேல் ஒட்டிக்கொள்ளும் பொருள். தண்டு சுற்றும்போது எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகிறது. அகலத்திலிருந்து குறுகலுக்குள் எண்ணெய் வலுக்கட்டாயமாகத் திணிக்கப்படுகிறது. தப்பித்து ஓட இடமில்லாத அந்த எண்ணெய்க்குள் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் அளவுக்கு ஏறுகிறது. அதுதான் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. ஐப்பசி மழையில் நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போகும் காரின் டயர் தரையை விட்டு எழும்பி வழுக்குவதும் இதே இயற்பியல்தான். சாலையில் அது உயிரை வாங்கும். இன்ஜினுக்கோ அது இல்லாமல் ஓட்டமே இல்லை.

இது தெரியவந்த விதமே ஒரு சுவாரசியமான கதை. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்குகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். சோதனையில் அச்சின் அடிப்பக்கம் எண்ணெயில் முங்கியிருந்தது, மேலே பேரிங். எண்ணெய் விடுவதற்காக அந்தப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார்கள். அச்சு சுற்றத் தொடங்கியதும் துளை வழியாக எண்ணெய் மேலே எழும்பி வழிந்தது. கார்க்கை வைத்து அடைத்தார்கள், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார்கள், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங் மீது சராசரியாக விழும் அழுத்தத்தைவிட அந்த இடத்தில் எண்ணெயின் அழுத்தம் அதிகம் என்று தெரிந்தது. எண்ணெயை உள்ளே தள்ள எந்த பம்பும் அங்கே இல்லை. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பவர்கள் அந்தச் சமன்பாட்டில்தான் தொடங்குகிறார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. பம்பின் வேலை சுமையைத் தாங்குவது அல்ல. படலத்திலிருந்து ஓரங்கள் வழியே கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும் எண்ணெய்க்கு ஈடாகப் புது எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பது. சேர்ப்பது நின்றால் சில நொடிகளில் படலம் தீர்ந்துபோகும். உலோகம் உலோகத்தைத் தொடும், சூடு ஏறும், தகட்டின் மென்மையான உலோகம் உருகி இழுபடும். “கிராங்க் பிடிச்சுட்டு” என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்று: வேகம் குறைந்தால் படலம் மெலியும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் படலம் தடிக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சுற்றும் காற்றாலைகளின் கியர்பாக்ஸில் இதைப் பார்க்கலாம். இறக்கை நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றுவதில்லை, சுமையோ பயங்கரம். அந்த மெதுவான வேகத்தில் படலம் உருவாக வேண்டுமென்றால் கார் எண்ணெய் போதாது. அதைவிடப் பல மடங்கு கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றுகிறார்கள். அதற்கும் பம்ப், ஃபில்டர், குளிர்விப்பான் எல்லாம் உண்டு.

சிறிய பைக்குகளின் கிராங்க் இதிலிருந்து வேறுபட்டது. அவற்றில் பால் பேரிங்கும் ஊசி உருளைகளும் இருக்கின்றன. உருண்டு போகிறவற்றுக்கு எண்ணெய் நனைந்திருந்தாலே போதும், பெரிய அழுத்தம் வேண்டாம். 100 சிசி பைக்குகளில் ஆயில் பிரஷர் விளக்கு இல்லாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

விடியற்காலை ஸ்டார்ட்

சுழற்சிதான் படலத்தை உண்டாக்குகிறது என்றால், சுற்றத் தொடங்கும் முன் என்ன? படலம் இல்லை. ரப்பர் தோட்டத்துக்கு பால்வெட்டப் போகிறவர் இருட்டோடு எழுந்து பைக்கை உதைக்கும்போது, இரவு முழுக்க நின்ற இன்ஜினில் எண்ணெய் மொத்தமும் சேம்பருக்கு இறங்கியிருக்கும். ஹெட்டில் மிஞ்சியிருப்பது உலோகத்தில் ஒட்டிய மெல்லிய பூச்சுதான். பம்ப் பாதையை நிரப்பி உச்சிக்கு ஏற்றும் வரை அந்தப் பூச்சுதான் காவல்.

அதற்காகவே எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள். உலோகம் உரசிச் சூடாகும் இடத்தில் அது வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புத் தோலை உண்டாக்கும். கேமும் ராக்கரும் சந்திக்கும் இடத்தில் ஓட்டத்தின்போதும் இதற்கு வேலை இருக்கிறது. ஆனால் அது அவசரத்துக்கு உதவும் ஏற்பாடு. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை முறுக்கி “வ்ரூம்” என்று சத்தம் எழுப்புகிற பழக்கம் பலருக்கு உண்டு. படலம் இன்னும் முழுதாக அமையாத நேரத்தில் சுமையும் வேகமும் ஏற்றுவது அது. ஐந்து நிமிடம் நிற்கவைத்துச் சூடாக்கவும் தேவையில்லை. சில நொடி விட்டு, முதல் கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் போதும்.

சூட்டை அள்ளிக்கொண்டு போவது

எண்ணெயின் இரண்டாவது வேலை குளிர்விப்பது. ரேடியேட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டர் சுவரையும் ஹெட்டையும்தான் தொட முடியும். பிஸ்டனைத் தொட முடியாது. அது மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறது. எரியும் வாயு 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டனின் முகப்பு 300 டிகிரி அளவில் நிற்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே வலுவிழந்துவிடும். பிஸ்டன் தன் சூட்டை, தன்னைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங் வழியாகச் சுவருக்குக் கொடுக்கிறது. மிச்சத்தை எண்ணெய்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாதாரண இன்ஜினில் இது தெறிப்பாலேயே நடக்கிறது. பிக் எண்ட் பேரிங்கின் ஓரங்களில் கசியும் எண்ணெயைச் சுழலும் கிராங்க் நாலாபக்கமும் வீசியடிக்கும். அது பிஸ்டனின் அடிவயிற்றையும் சிலிண்டர் சுவரையும் நனைத்துவிட்டு, சூட்டோடு கீழே சொட்டும். சுவரில் மிகுந்ததை ஆயில் ரிங் வழித்தெடுக்கும். அது தேய்ந்தால்தான் சைலன்சரில் நீலப் புகை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் சின்ன பெட்ரோல் பம்ப்செட்டுகள் பலவற்றில் எண்ணெய் பம்பே கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது எண்ணெயில் முங்கி வாரி இறைக்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த இன்ஜினைச் சரிவான வரப்பில் வைத்து ஓட்டாதே என்று சொல்வதற்குக் காரணமும் அதுவே.

டர்போ டீசல்களில் தெறிப்பு போதாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அடியில் ஒரு சின்ன நாசில் பொருத்தி, பிஸ்டனின் அடிப்பக்கம் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் அது திறக்கும். ஐட்லிங்கில் பேரிங்குக்குப் போகவேண்டிய எண்ணெயை இது திருடிவிடக் கூடாது அல்லவா? 1985-இல் வந்த சுசுகியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 பைக், தண்ணீரே இல்லாமல் எண்ணெயைக் கொண்டே குளிர்விக்கும் முறையைப் பெயர்பெறச் செய்தது. பிஸ்டன் அடியிலும் ஹெட்டின் மேலும் எண்ணெயைப் பீய்ச்சி, ஒரு கூலருக்கு அனுப்பி ஆற்றி, திரும்பக் கொண்டுவரும். இன்று நம் சாலைகளில் ஓடும் ஆயில் கூல்டு பைக்குகள் அந்த வழியில் வந்தவை.

கூலர் இல்லாத, காற்றில் மட்டும் ஆறும் பைக்கில் இரண்டு பேர் உட்கார்ந்து முதல் கியரில் மலைச் சாலை ஏறும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும். வண்டி மெதுவாகப் போவதால் காற்று படாது. எண்ணெய் அள்ளிய சூட்டை இறக்கிவைக்க இடமில்லை. எண்ணெய் 90 முதல் 110 டிகிரிக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அது கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. நடுவில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுப் போவதில் இன்ஜினுக்கும் லாபம் உண்டு.

நான்குவழிச் சாலையில் வேகமாக வந்து, கன்னியாகுமரியில் வண்டி நின்ற கையோடு சாவியைத் திருப்பும் டர்போ வேன் டிரைவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் வருத்தம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது, அதைத் தாங்குவதும் குளிர்விப்பதும் எண்ணெய். இன்ஜின் நின்றால் எண்ணெய் வரத்தும் நிற்கும். தகிக்கும் பேரிங்கில் தங்கிய எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாகும். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் அந்தச் சூடு இறங்கிவிடும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளுக்குக் காற்றுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. சிக்கல் உப்பில் இருக்கிறது. பல படகு இன்ஜின்களில் ஆயில் கூலருக்குள் மெல்லிய குழாய்கள் இருக்கும், குழாயின் ஒருபக்கம் எண்ணெய், மறுபக்கம் கடல்தண்ணீர். உப்பு அரித்துக் குழாயில் ஓட்டை விழுந்தால், இன்ஜின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதிகம் என்பதால் எண்ணெய் கடலுக்குப் போகும்; தண்ணீரில் எண்ணெய்த் திரை மிதக்கும். இன்ஜின் நின்ற பிறகு எண்ணெய் அழுத்தம் இல்லை. அப்போது கடல்தண்ணீர் உள்ளே வரும். மறுநாள் டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் வெளுத்துக் குழம்பியிருக்கும். அப்படிக் கண்டால் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் என்ற நினைப்பே வேண்டாம். தண்ணீர் கலந்த எண்ணெயால் படலம் பிடிக்க முடியாது, உப்பு பேரிங்கையும் அரிக்கும்.

விளக்கும் கிரேடும்

டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கை எண்ணெய் மட்டம் காட்டும் விளக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். அது அழுத்தத்தைக் காட்டுவது. அதுவும் அழுத்தம் அரை பாருக்கும் கீழே விழுந்தால்தான் பெரும்பாலும் எரியும். விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் நலம் என்று பொருளில்லை. எரிந்தால், ஓரமாக நிறுத்தி அணைப்பதைத் தவிர வேறு யோசனையே கூடாது. “அடுத்த பங்க் வரைக்கும் போயிரலாம்” என்ற அந்த இரண்டு கிலோமீட்டரில் ஒரு கிராங்கின் விலை போய்விடும்.

கிரேடு விஷயத்தில் கடைக்குக் கடை ஒரு கருத்து. 15 டபிள்யூ-40 என்பதில் முதல் எண் கடுங்குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. விடியற்காலையிலும் இருபது டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் நம் மாவட்டத்தில் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. 40 டிகிரியில் இருந்த கெட்டித்தன்மை 100 டிகிரியில் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. பேரிங்கின் இடைவெளியும் பம்பும் அந்த மெலிந்த எண்ணெயை எண்ணித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. “நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் சரி” என்று கம்பெனி சொன்ன 30-க்குப் பதில் 50-ஐ ஊற்றினால், அது குறுகிய பாதைகளில் மெதுவாகப் போகும். கடைமடையான ஹெட்டுக்குத் தாமதமாகும். பைக்குக்கு கார் எண்ணெயை ஊற்றுவதும் வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் முங்கிக் கிடக்கிறது, சில கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கச் சேர்த்த பொருள் கிளட்சை வழுக்கவைத்துவிடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வள்ளத்து இன்ஜின்

இதுவரை சொன்ன எதுவும் வள்ளங்களின் பின்னால் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்குப் பொருந்தாது. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் இன்ஜின்கள் அவை. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை வழியாகத்தான் எரிபொருள் கலந்த காற்று சிலிண்டருக்குப் போகிறது; அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க வழியில்லை. அதனால் சேம்பரும் இல்லை, கேலரியும் இல்லை. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெய்த் துளிகள் உருளைப் பேரிங்கிலும் சுவரிலும் ஒட்டி, வேலையை முடித்துவிட்டு, புகையோடு எரிந்து வெளியேறும். எதுவும் திரும்பி வருவதில்லை. 50-க்கு 1 என்ற விகிதம் என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எந்த விகிதம் என்பதை அந்த இன்ஜினின் கையேடு சொல்லும். கேனில் கண்மதிப்பாக ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளந்து ஊற்ற வேண்டும். கலவை மெலிந்தால் பிஸ்டன் பிடிக்கும், தடித்தால் பிளக் அடைக்கும். இரண்டும் கரைக்கு எட்டாத தூரத்தில்தான் தெரியவரும்.